கொரிய கீபோர்டில் குறியீடுகளையும் இடைவெளியையும் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொரிய எழுத்துகளைத் தட்டச்சு செய்யப் பழகுவது பெரிய வேலை இல்லை. சிக்கல் எல்லாம் எழுத்தைச் சுற்றியிருக்கும் சில்லறைகளில்தான். நடுப்புள்ளிக்கு விசை எங்கே? புத்தகப் பெயரை அடைக்கும் 『 』 எங்கே? \ அடித்தால் கொரிய நாணயக் குறியான ₩ ஏன் வருகிறது? கேள்விக்குறி போட்டுவிட்டு ஸ்பேஸ் தட்டினால் கீபோர்டு ஏன் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது?

கொரியன் படிக்கிறவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய நிறுவனங்களில் அறிக்கை அடிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை பொது. இங்கே வாங்கிய லேப்டாப்பில் கொரிய விசைகளே கிடையாது என்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதல்.

என் கட்சி இதுதான்: எழுத்து அமைப்பைத் தொடவே வேண்டாம். அது நன்றாகத்தான் இருக்கிறது. மொழி மாற்றும் விசை, ஸ்பேஸ், ₩, கடைசியாகக் குறியீடுகள். இந்த வரிசையில் திருத்துங்கள். வரிசை முக்கியம். மொழி மாற்றும் விசையைத் தப்பாகத் தேர்ந்துவிட்டு மற்றதைச் சரிசெய்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டி வரும்.

முதலில், ஏன் இப்படி அமைந்தது

இன்று தென்கொரியாவில் ஏறக்குறைய எல்லோரும் அடிப்பது தூபொல்ஷிக் என்ற அமைப்பு. 1982இல் கணினிக்கான தரமாக வந்தது. இடது பக்கம் 14 மெய்கள், வலது பக்கம் 12 உயிர்கள். கூட்டினால் 26, அதாவது ஆங்கில எழுத்து விசைகளின் எண்ணிக்கை. ஐந்து இரட்டை மெய்களும் இரண்டு கூட்டுயிர்களும் ஷிஃப்டில் போய் உட்கார்ந்துகொண்டன. ஆகவே எண்வரிசை, அரைப்புள்ளி, மேற்கோள், சதுர அடைப்பு எதையும் எழுத்துகள் தொடவில்லை. தமிழ்99 அடிப்பவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். அங்கே [ ] ; ' / ஐந்தும் ச, ஞ, ந, ய, ழ ஆகிவிடுகின்றன. குறியீடு வேண்டுமென்றால் பாதி நேரம் ஆங்கிலத்துக்குப் போய் வரவேண்டும். கொரியனில் அந்தப் போக்குவரத்து தேவையே இல்லை. காற்புள்ளி, அடைப்பு, கேள்விக்குறி, எண்கள் எல்லாம் கொரிய நிலையிலேயே அப்படியே வரும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. குறியீட்டு விசைகள் முழுக்க அமெரிக்க கீபோர்டுடையவை. கொரிய அச்சு தனக்கென்று வைத்திருக்கும் குறிகளுக்கு அங்கே இடமே இல்லை: நடுப்புள்ளி ·, ஆறு புள்ளி ……, 「 」, 『 』, 〈 〉, 《 》, ※. கடைசியில் விதிதான் கீபோர்டுக்காக வளைந்தது. 2015 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்பட்ட நிறுத்தக்குறி விதிகளில், நடுவில் ஆறு புள்ளி வைப்பதற்குப் பதிலாக அடிக்கோட்டில் மூன்று புள்ளி வைத்தாலும் சரி என்றார்கள். புத்தகப் பெயருக்கு 『 』 அல்லது 《 》 இல்லாவிட்டால் இரட்டை மேற்கோள் போதும். கட்டுரை, பாடல் போன்ற சிறிய தலைப்புகளுக்கு 「 」 அல்லது 〈 〉 இல்லாவிட்டால் ஒற்றை மேற்கோள் போதும். நடுப்புள்ளிக்குப் பதிலாகப் பல இடங்களில் காற்புள்ளி போடலாம்.

அதனால் தினசரி மின்னஞ்சலும் அரட்டையும் மட்டும் அடிப்பவர் குறியீட்டுப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அச்சுக்கும் ஆய்வேட்டுக்கும் அலுவலக ஆவணத்துக்கும் எழுதுகிறவர்களுக்குத்தான் அது.

படி 1: மொழி மாற்றும் விசையைத் தேர்ந்தெடுங்கள்

கொரியாவில் விற்கும் முழு அளவு கீபோர்டுகளில் ஸ்பேஸ்பாருக்கு வலப்புறம் ஹன்-யோங் விசை இருக்கும். கொரிய நிலைக்கும் ஆங்கில நிலைக்கும் மாற்றுவது அதுதான். இடப்புறம் ஹன்ஜா விசை. சீன எழுத்தாக மாற்றவும் சிறப்புக் குறிகளின் பட்டியலைத் திறக்கவும் அது. இரண்டுக்கும் இடம் விட்டு ஸ்பேஸ்பார் குட்டையாகியிருக்கும். நம் லேப்டாப்பில் இந்த இரண்டும் இல்லை. வேறு விசைகளை அந்த வேலைக்கு அமர்த்தவேண்டும்.

விண்டோஸில் கொரிய மொழியைச் சேர்த்ததும், அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய், கொரியனுக்கு அருகிலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி, மொழி விருப்பங்களைத் திறங்கள். அங்கே கீபோர்டு அமைப்பை மாற்றும் பொத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது 101 விசை வகைகள். மூன்று உண்டு.

வகை 1: வலது ஆல்ட் மொழி மாற்றும், வலது கன்ட்ரோல் ஹன்ஜா.
வகை 2: அதையே திருப்பிப் போட்டது.
வகை 3: ஷிஃப்ட்+ஸ்பேஸ் மொழி மாற்றும், கன்ட்ரோல்+ஸ்பேஸ் ஹன்ஜா.

கொரியாவில் வாங்கிய, இரண்டு கூடுதல் விசைகள் தனியாக உள்ள கீபோர்டு என்றால் 103/106 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றியபின் கணினியை மறுபடி தொடங்கவேண்டும். தொடங்காமல் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். அமைப்புகளில் அந்தப் பொத்தானே காணவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டைத் திறந்து, டிரைவரைப் புதுப்பிக்கும் இடத்தில் பட்டியலிலிருந்து நாமே கொரிய 101 விசை வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

என் பரிந்துரை வகை 1. பலர் வகை 3-க்குப் போவதற்குக் காரணம் அது எந்த கீபோர்டிலும் வேலை செய்யும் என்பது. ஆனால் அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். ஒரு கேள்வி வாக்கியம் முடிகிறது. கேள்விக்குறிக்கு ஷிஃப்டைப் பிடித்து / விசையைத் தட்டுகிறீர்கள். அடுத்து ஸ்பேஸ். வேகமாக அடிக்கும் கையில் சுண்டுவிரல் ஷிஃப்டிலிருந்து முழுசாக எழும்புவதற்குள் கட்டைவிரல் ஸ்பேஸில் இறங்கிவிடும். கணினிக்கு அது ஷிஃப்ட்+ஸ்பேஸ். இடைவெளி விழாது, மொழி மட்டும் மாறும். அடுத்த வாக்கியம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக ஓடும். ஆச்சரியக்குறி, மூடும் அடைப்பு, இரட்டை மேற்கோள், அலைக்கோடு எல்லாமே ஷிஃப்டில் இருப்பவை. எல்லாவற்றுக்கும் அடுத்து வருவது பெரும்பாலும் ஸ்பேஸ்.

அப்புறம் எக்செல். அங்கே ஷிஃப்ட்+ஸ்பேஸ் முழு வரிசையைத் தேர்ந்தெடுக்கும், கன்ட்ரோல்+ஸ்பேஸ் முழு நெடுவரிசையை. வகை 3 இரண்டையும் பறித்துக்கொள்ளும். நிரல் எழுதுகிறவர்கள் பரிந்துரைப் பட்டியலை வரவழைக்கத் தட்டும் கன்ட்ரோல்+ஸ்பேஸும் போய்விடும்.

வகை 1-க்கும் குறை உண்டு. வலது ஆல்ட் கணினி முழுவதுக்கும் மொழி மாற்றியாக ஆகிவிடும், கொரியனுக்கு மட்டுமல்ல. வலது ஆல்ட்டை நம்பியிருக்கும் வேறு மொழி அமைப்பு ஏதாவது வைத்திருந்தால் அதில் சில எழுத்துகள் வராது. அப்படியானால் வகை 2-ஐப் பார்த்துப் பயனில்லை, அங்கே அதே வலது ஆல்ட் ஹன்ஜாவுக்குப் போய்விடும். வகை 3-ஐ ஏற்றுக்கொண்டு, ஷிஃப்டை விட்டபின் ஸ்பேஸ் தட்டப் பழகவேண்டியதுதான்.

வலது கன்ட்ரோலே இல்லாத லேப்டாப்புகள் இப்போது அதிகம். 2024 முதல் பல மாடல்களில் அந்த இடத்தைக் கோபைலட் விசை பிடித்துக்கொண்டது. ஷார்ப்கீஸ் என்ற இலவசக் கருவியால் மெனு விசையையோ, தொடவே தொடாத வேறொரு விசையையோ வலது கன்ட்ரோலாக மாற்றலாம். அது விசையின் எண்ணையே அடிமட்டத்தில் மாற்றுவதால் கொரிய அமைப்பு ஏமாந்துவிடும். மேலே இருந்து விசையைப் பாவனை செய்யும் கருவிகளுக்கு இந்த இடத்தில் உத்தரவாதம் இல்லை. கோபைலட் விசை ஒரே தட்டலில் பல விசைகளை அனுப்புவது, அதனால் அதை இந்த முறையில் மாற்ற முடியாது.

மேக்கில் கதை எளிது. கேப்ஸ்லாக் விசையே மொழி மாற்றும்படி அமைப்புகளில் வைக்கலாம். ஆனால் வேகமாக அடிப்பவர்களுக்கு அது ஒரு நொடித் துணுக்கு தாமதமாகத் தெரியும்; மாறுவதற்குள் முதல் எழுத்து விழுந்துவிடும். கொரிய மேக் பயனர்கள் நெடுநாளாகச் செய்யும் வழி: காராபைனர் என்ற கருவியால் வலது கமாண்டை எஃப்18 விசையாக மாற்றி, உள்ளீட்டு மொழியை மாற்றும் குறுக்குவழியாக எஃப்18-ஐக் கொடுப்பது. கொரிய கீபோர்டில் ஹன்-யோங் எங்கே இருக்குமோ அதே இடம், தாமதமும் இல்லை.

படி 2: ஸ்பேஸ் உண்மையிலேயே ஸ்பேஸ்தானா?

கண்ணுக்கு வெறுமையாகத் தெரிவதில் குறைந்தது மூன்று வகை உண்டு. சாதாரண ஸ்பேஸ், கணினிக் குறியீட்டில் எண் 32. உடையாத ஸ்பேஸ், எண் 160. சீன எழுத்து அகலமுள்ள முழு அகல ஸ்பேஸ், யுனிகோடில் 12288. கொரிய கீபோர்டில் மூன்றாவது தெரியாமல் நுழைய இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

ஒன்று, விண்டோஸ் கொரிய உள்ளீட்டில் ஆல்ட்டும் = விசையும் சேர்ந்தால் முழு அகல நிலைக்குப் போகும். எக்செலில் கூட்டல் போட ஆல்ட்+= தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஆங்கில எழுத்துகளும் எண்களும் திடீரென்று ｈｅ போல அகன்று நிற்கும். அதைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் கொரிய எழுத்துகள் மாறுவதில்லை, ஸ்பேஸ் மட்டும் அகன்றுபோகும், அது கண்ணில் படாது. வழி: மறுபடி ஆல்ட்+=. அல்லது பணிப்பட்டையிலுள்ள உள்ளீட்டுச் சின்னத்தை வலச்சொடுக்கி அரை அகலத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது வாசல் ஹன்ஜா பட்டியல். கியோக் எழுத்தை (ㄱ, ஆங்கில ஆர் விசை) அடித்து ஹன்ஜா தட்டினால் வரும் பட்டியலில் முதல் இடத்தில் இருப்பதே இந்த வெற்று எழுத்து. விளையாட்டுகளில் பெயரே இல்லாத பெயர் வைத்துக்கொள்ள கொரிய இளைஞர்கள் கண்டுபிடித்த பழைய தந்திரம் அது. அவசரத்தில் ஹன்ஜாவும் 1-உம் தட்டிவிட்டால் நம் கோப்பிலும் அதுவே வந்து உட்காரும்.

மேக்கில் இன்னொன்று: ஆப்ஷனைப் பிடித்தபடி ஸ்பேஸ் தட்டினால் எண் 160 விழும். நிரல் கோப்பில் அது விழுந்தால் பிழையைத் தேடி அரைநாள் போகும்.

சோதிப்பது எப்படி? விஎஸ் கோட் என்ற நிரல் எடிட்டர் கண்ணுக்குத் தெரியாத, குழப்பமூட்டும் யுனிகோட் எழுத்துகளைக் கட்டம் போட்டுக் காட்டும். சந்தேகமான பத்தியை அதில் ஒட்டிப் பார்த்தால் போதும். எக்செலில் கூடுதல் இடைவெளியை நீக்கும் டிரிம் சூத்திரம் எண் 32-ஐ மட்டும்தான் வெட்டும், மற்ற இரண்டையும் விட்டுவிடும். பெயர்ப்பட்டியல் பொருந்தவில்லை என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். அந்த வெற்று எழுத்தையே நகலெடுத்து, தேடி மாற்றும் பெட்டியில் ஒட்டி, சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிடலாம்.

வேண்டுமென்றே உடையாத இடைவெளி போடவேண்டிய நேரமும் உண்டு, எண்ணும் அலகும் இரண்டு வரிகளில் பிரியக்கூடாது என்கிறபோது. கொரிய அலுவலகங்கள் விடாமல் பிடித்திருக்கும் ஹன்கம் நிறுவனத்தின் ஹன்குல் சொற்செயலியில் கன்ட்ரோல்+ஆல்ட்+ஸ்பேஸ் அதற்கு. ஆல்ட்+ஸ்பேஸ் அகலம் மாறாத இடைவெளி. வரியை இருபுறமும் நேராக்கும்போது மற்ற இடைவெளிகள் இழுபட்டாலும் இது அப்படியே நிற்கும்.

படி 3: இடைவெளியை எங்கே போடுவது

விசை சரியாக இருந்தாலும் இடம் தப்பினால் கொரியர் கண்ணுக்கு உடனே உறுத்தும். 1896இல் சோல் நகரில் தொடங்கிய தோங்னிப் சின்முன் செய்தித்தாள் சொற்களைப் பிரித்து அச்சிட்ட காலம் முதல் அங்கே இது சண்டைக்குரிய விஷயம். முழு விதிகளும் இங்கே வேண்டாம். குறியீட்டை ஒட்டிய இடைவெளி மட்டும்.

அதிகம் தவறுவது அடைப்புக்குறியில். ஆங்கிலப் பழக்கத்தில் நாம் சொல்லுக்கும் திறக்கும் அடைப்புக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விடுவோம். கொரியனில் கூடாது. சோல் என்று அடித்ததும், ஸ்பேஸ் இல்லாமலே திறக்கும் அடைப்பு, உள்ளே ஆங்கிலப் பெயர், மூடும் அடைப்பு, அதற்கும் பிறகு ஸ்பேஸ் இல்லாமலே 'உன்' என்ற உருபு. முழுவதும் ஒரே துண்டு. ஸ்பேஸ் உருபுக்குப் பிறகுதான். நம் தமிழ் வேற்றுமை உருபு எப்படிச் சொல்லோடு ஒட்டுகிறதோ அப்படித்தான் அங்கேயும், நடுவில் அடைப்பு வந்தாலும் ஒட்டு விடாது. மேற்கோளுக்கும் இதே விதி. மூடும் மேற்கோளுக்குப் பின் 'என்று' என்ற பொருளில் வரும் உருபு இடைவெளியின்றி ஒட்டும்.

மற்றவை வேகமாக: நடுப்புள்ளி இருபுறமும் ஒட்டும். அலைக்கோடு ~ எல்லையைக் குறிக்கையில் இருபுறமும் ஒட்டும். முக்காற்புள்ளி முன் சொல்லோடு ஒட்டி, பின்னால் ஒரு ஸ்பேஸ். நேரம் எழுதும்போது இருபுறமும் ஒட்டும். சாய்கோடு பொதுவாக ஒட்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளிக்கு நாம் செய்வதேதான்.

சொல்லிடை இடைவெளியில் சந்தேகம் வந்தால் பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான எழுத்துப்பிழை சோதனைக் கருவி நல்ல துணை. அது தவறைக் காட்டுவதோடு காரணமும் சொல்லும்.

படி 4: ₩ என்ற தலைவலி

விண்டோஸில் நடப்பதும் மேக்கில் நடப்பதும் வேறு வேறு நோய்கள். மருந்தை மாற்றிச் சாப்பிடக்கூடாது.

விண்டோஸில் பின்சாய்கோட்டு விசையில் ₩ அச்சிட்டிருப்பார்கள். அடித்தால் விழுவது எண் 92, அதாவது அசல் பின்சாய்கோடு. பழைய கொரிய குறியீட்டுத் தரத்தில் அந்த எண்ணில் வோன் குறியை வைத்தார்கள். அந்த வழக்கத்தை மதித்து, மால்கன் கோதிக் போன்ற கொரிய எழுத்துருக்கள் இன்றும் எண் 92-ஐ ₩ என்று வரைகின்றன. கோப்புறைப் பாதைகள் ₩ ₩ என்று தெரிவது இதனால்தான். கணினி குழம்பவில்லை, பார்க்கும் நாம்தான் குழம்புகிறோம். திருத்தம் எழுத்துருவில்: நிரல் எடிட்டரிலும் கட்டளைச் சாளரத்திலும் கன்சோலாஸ் போன்ற லத்தீன் எழுத்துருவை முதலில் வையுங்கள், \ ஆகத் தெரியும்.

இதன் மறுபக்கம் கவனிக்கவேண்டியது. விலைப்பட்டியலில் அந்த விசையால் ₩ போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கே \5,000 என்று திறக்கும். அசல் வோன் குறி யுனிகோடில் 8361. அது வேண்டுமென்றால் விண்டோஸ் விசையும் புள்ளியும் சேர்த்துத் தட்டி, குறியீட்டுத் தாவலில் நாணயக் குறிகளில் தேடுங்கள். ரியுல் எழுத்தின் (ㄹ, ஆங்கில எஃப் விசை) ஹன்ஜா பட்டியலில் கிடைப்பது அகன்ற ￦, எண்களோடு சேர்ந்து அழகாக நிற்காது. உண்மையில் கொரியர்கள் உரைநடையில் தொகைக்குப் பின்னால் வோன் என்று எழுத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நீங்களும் அதைச் செய்தால் பாதிப் பிரச்சினை ஒழிந்தது.

மேக்கில் எழுத்தே மாறுகிறது. கொரிய நிலையில் இடது மேல்மூலை விசையைத் தட்டினால் ` வராமல் அசல் ₩ விழும். குறிப்புகளில் நிரல் துண்டுகளை ` குறிக்குள் அடைப்பவர்களுக்கு இது பெரும் எரிச்சல். ஒருதடவை வேண்டுமென்றால் ஆப்ஷனோடு சேர்த்துத் தட்டுங்கள், ` வரும். நிரந்தரத் தீர்வுக்கு, பயனரின் லைப்ரரி கோப்புறைக்குள் கீபைண்டிங்ஸ் என்ற உள்கோப்புறையில் டிஃபால்ட் கீபைண்டிங் என்ற கோப்பை உருவாக்கி, ₩ வந்தால் ` செருகு என்று ஒரு வரி எழுதவேண்டும். அதே கோப்பில் ஆப்ஷன்+ஸ்பேஸுக்குச் சாதாரண ஸ்பேஸ் என்று இன்னொரு வரி சேர்த்தால் படி 2-இல் சொன்ன எண் 160 தொல்லையும் தீரும். செயலிகளை மூடித் திறக்கவேண்டும். சில செயலிகள் இந்தக் கோப்பைப் படிப்பதில்லை, அங்கே ஆப்ஷன்தான் வழி.

படி 5: கொரிய அச்சுக் குறிகளுக்கு விசை கொடுப்பது

முதலில் ஏற்கெனவே இருக்கும் வழி. விண்டோஸில் ஒற்றை மெய்யை அடித்து உடனே ஹன்ஜா விசை. ஆங்கில ஏ விசையிலுள்ள மியும் அடித்தால் ※ ☆ ★ ○ ● → போன்ற உருவங்கள். ஆர் விசையிலுள்ள கியோக்கில் நிறுத்தக்குறிகள், நடுப்புள்ளி இங்கேதான். எஸ் விசையிலுள்ள நியுனில் 「 」 『 』 〈 〉 《 》 உட்பட அடைப்புகள். இ விசையிலுள்ள திகுத்தில் ± × ÷ ≠. எஃப் விசையிலுள்ள ரியுலில் ℃ போன்ற அலகுகள். டி விசையிலுள்ள இயுங்கில் ① ②. இந்த ஆறும் நினைவில் இருந்தால் போதும். லினக்ஸில் ஐபஸ் ஹன்குல் என்ற கொரிய உள்ளீட்டு மென்பொருள் வைத்திருந்தால் ஹன்ஜாவுக்குப் பதில் எஃப்9.

நடுப்புள்ளியில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கொரிய உயிரெழுத்தான அரே-ஆ, ㆍ, பார்ப்பதற்கு அச்சு அசல் நடுப்புள்ளி. ஆனால் அது ஒரு எழுத்து. தேடலில் பொருந்தாது, சில எழுத்துருக்களில் இருபுறமும் பெரிய இடைவெளியோடு நிற்கும். யாரோ எழுதியதிலிருந்து நகலெடுத்தால் பெரும்பாலும் அதுதான் ஒட்டிக்கொண்டு வரும். கியோக் பட்டியலிலிருந்து எடுத்தால் அசல் கிடைக்கும்.

தினமும் அடிப்பவர்களுக்குப் பட்டியலில் தேடுவது கட்டுப்படியாகாது. தனி அடுக்கு ஒன்று வையுங்கள். அதற்கு விண்டோஸில் கேப்ஸ்லாக்தான் உத்தமம். கொரிய எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாததால் அந்த விசை சும்மா கிடக்கிறது. விசைகளுக்கு நாமே வேலை கொடுக்க உதவும் ஆட்டோஹாட்கீ என்ற கருவியில் ஒரு குறிக்கு ஒரு வரி: விசைச் சேர்க்கை, பிறகு ::, பிறகு அனுப்பவேண்டிய குறி. நான் சொல்லும் அமைப்பு இது:

கேப்ஸ்லாக் + . → ·
கேப்ஸ்லாக் + , → …
கேப்ஸ்லாக் + [ மற்றும் ] → 「 மற்றும் 」. ஷிஃப்டும் சேர்ந்தால் 『 மற்றும் 』
கேப்ஸ்லாக் + 9 மற்றும் 0 → 〈 மற்றும் 〉. ஷிஃப்டும் சேர்ந்தால் 《 மற்றும் 》
கேப்ஸ்லாக் + 8 → ※

ஒவ்வொன்றும் தன் சாயலுள்ள விசையிலேயே இருக்கிறது: புள்ளியில் புள்ளி, அடைப்பில் அடைப்பு, நட்சத்திரத்தில் ※. மனப்பாடம் தேவையில்லை. இதற்குமேல் சேர்க்காதீர்கள்; இருபது குறி வைத்தால் பத்தொன்பது மறந்துபோகும். வளைந்த மேற்கோள்களை இதில் சேர்க்கவேண்டிய அவசியமும் இல்லை, வேர்டும் ஹன்குலும் தாமாகவே வளைத்துவிடும். கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். ஆட்டோஹாட்கீயின் பழைய முதல் பதிப்பு என்றால் பாம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் குறியீட்டு அடையாளம்) உள்ள யுடிஎஃப்-8 வேண்டும், இல்லாவிட்டால் குறிகள் சிதைந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. கொரிய அசை எழுதும்போது கடைசி அசை இன்னும் கூடிக்கொண்டிருக்கும் நிலையில் இருக்கும், அடியில் கோடோ கட்டமோ தெரியும். 'ஹன்' என்று நிற்பது அடுத்து ஓர் உயிர் வந்தால் 'ஹ-ன' என்று பிரிந்து 'ஹனா' ஆகிவிடும். அந்த அசை உறுதியாகும்வரை உள்ளீட்டு மென்பொருள் அதைக் கையில் வைத்திருக்கிறது. அந்நேரம் வெளியிலிருந்து ஒரு குறியை அனுப்பினால், சில செயலிகளில் குறி முந்திக்கொண்டு அசைக்கு முன்னால் விழும். அப்படி நடக்கும் செயலியில், அந்த வரியில் குறிக்கு முன் வலது அம்பு விசையையும் அனுப்பச் சொல்லுங்கள். அசை உறுதியாகி, குறி தன் இடத்தில் நிற்கும். வரியின் நடுவில் திருத்தும்போது இந்த அம்பு ஓர் எழுத்து தள்ளிவிடலாம், அதனால் எல்லாச் செயலிக்கும் பொதுவாக வைக்கவேண்டாம்.

மேக்கில் ஆங்கில நிலையில் ஆப்ஷன்+ஷிஃப்ட்+9 நடுப்புள்ளி தரும், ஆப்ஷன்+; மூன்று புள்ளி தரும். அடைப்புகளுக்கு அமைப்புகளிலுள்ள உரை மாற்றத்தில் ஒரு சுருக்கம் வைத்துக்கொள்ளலாம்.

வேறு அமைப்புக்கே மாறினால் என்ன?

கண் மருத்துவர் கோங் பியோங்-ஊ 1949இல் தன் தட்டச்சுப்பொறிக்காக உருவாக்கிய வழியில் வந்தது செபொல்ஷிக். முதல் மெய், உயிர், இறுதி மெய் மூன்றுக்கும் தனித்தனி விசைகள். அதன் 1991 இறுதி வடிவத்தில் · ※ போன்றவை கீபோர்டிலேயே இருக்கின்றன, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்துகள் எண்வரிசை வரை ஏறிவிடுவதால் எண்கள் ஷிஃப்டுக்குப் போகும், நிரலுக்கு வேண்டிய பல குறிகளுக்கு இடம் கிடைக்காது. 390 என்ற வடிவம் கணினிக் குறிகளை ஓரளவு காப்பாற்றித் தருகிறது. தூபொல்ஷிக்கை இன்னும் தொடங்காதவர், நாள் முழுக்கக் கொரிய உரைநடை மட்டும் அடிக்கப்போகிறவர் என்றால் முயன்று பார்க்கலாம். குறியீட்டுக்காக மட்டும் மாறுவது வீண். பதினொரு வரி ஆட்டோஹாட்கீ அதைச் செய்துவிடுகிறது, அடுத்தவர் கணினியில் உட்கார்ந்தாலும் கை தடுமாறாது.